நாலாயிரம் ஆண்டு தாங்கும் புகார்

ஒரு நாகரிகம் எவ்வளவு உயர்ந்தது என்பதை அதன் கோபுரங்களைக் கொண்டு அளக்கலாம், நூலகங்களைக் கொண்டு அளக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. நம் கதை நடக்கும் ஊரை அளக்க அவ்வளவு சிரமம் வேண்டாம். பேக்கரி வாசலில் இருந்த பள்ளத்துக்குள் ஒரு கம்பை விட்டால் போதும். சாதாரண நாளில் முழங்கால் உயரத்துக்கு நனைந்து வரும். மழை நாளில் கம்பே வராது.

பள்ளம் பிறந்த வரலாறு எளிமையானது. சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. நகராட்சி ஆட்கள் வந்து தோண்டினார்கள். தோண்டி முடித்ததும், தோண்டுவது மட்டுமே தங்கள் பிரிவின் வேலை, மூடுவது இன்னொரு பிரிவின் வேலை என்று பணிவோடு தெரிவித்துவிட்டுப் போனார்கள். குழாயைச் சரிசெய்வது எந்தப் பிரிவு என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

பேக்கரியை நடத்தியவளை ஊரே அக்கா என்று கூப்பிட்டது. தலை நரைத்த தாத்தாக்களுக்கும் அவள் அக்காதான். மாவு பிசைவது வீட்டுக்காரர்; அடுப்பு அக்காவுடையது. செங்கல்லால் கட்டிய பெரிய விறகு அடுப்பு. அதற்குள் கையை நீட்டி, சூடு பதமா இல்லையா என்று தோலாலேயே சொல்லிவிடுவாள். அவள் சுட்ட ரொட்டியின் மணம் தெருமுனைவரை போகும். சிக்கல் என்னவென்றால், பள்ளம் வந்த பிறகு ஆட்களும் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். முதல் வாரம் தாண்டிக் குதித்து வந்தார்கள். அடுத்த வாரம் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் வீட்டிலேயே கஞ்சி குடித்துக்கொண்டார்கள்.

"இப்படியே போனா அடுப்பை அணைச்சிட்டுப் போக வேண்டியதுதான்," என்றார் வீட்டுக்காரர்.

"அணைச்சா நான் அணைஞ்ச மாதிரி. நாளைக்கே போய்ப் புகார் கொடுக்கிறேன்."

மறுநாள் அக்கா ஒரு வெள்ளைத் தாளில் பள்ளத்தின் அகலம், ஆழம், குணநலன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தாளை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"இது தாளாச்சே அம்மா."

"ஆமா சார். புகார் எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க சரி. சுடலையே."

அக்கா புரியாமல் நின்றாள். எழுத்தர் பொறுமையானவர். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சுட்டிக்காட்டினார். 'இதனால் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பண்டைய நாகரிகங்களின் மேன்மையை நவீன நிர்வாகத்தில் நிலைநாட்டும் பொருட்டு, இனிப் புகார்கள் யாவும் களிமண் பலகையில் எழுதிச் சுட்ட நிலையில் மட்டுமே பெற்றுக்கொள்ளப்படும். பச்சைப் புகார்கள் பரிசீலிக்கப்பட மாட்டா.'

"இது யார் சார் பார்த்த வேலை?"

"உள்ளே இருக்கார். கேளுங்க. கேட்டா சந்தோஷப்படுவார்."

உள்ளே இருந்த தலைமை அதிகாரிக்கு அலுவலகத்தில் 'நாகரிகம்' என்று பட்டப்பெயர். அண்மையில் அவர் மனைவி, மைத்துனர், மைத்துனர் குழந்தைகள் சகிதம் அரசுச் செலவில் கல்விச் சுற்றுலா போய் வந்திருந்தார். போன இடத்தில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டார். நிர்வாகச் சீர்திருத்தங்கள் பல இப்படித்தான் பிறக்கின்றன.

"உட்காருங்கம்மா. உலகத்திலேயே முதல்ல புகார் கொடுத்தது யார் தெரியுமா?"

"என் மாமியாரா இருக்கும் சார்."

நாகரிகம் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மண் பலகையை எடுத்தார். அருங்காட்சியக வாசலில் விற்ற நகல் அது.

"நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் செம்பு வாங்கியிருக்கார். சரக்கு மட்டம். உடனே களிமண்ணில எழுதி வியாபாரிக்கு அனுப்பிட்டார். அசல் இன்னைக்கும் அப்படியே இருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க நமக்குச் சக்கரம் குடுத்தாங்க, வரி குடுத்தாங்க, மணிக்கு அறுபது நிமிஷம் குடுத்தாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டோம். இதை மட்டும் விட்டுட்டோம். போன வருஷம் நாம வாங்கின புகாரெல்லாம் எங்கே?"

வாசலில் நின்ற எழுத்தர், "கரையான் சார்," என்றார்.

"பார்த்தீங்களா?"

அக்கா அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அந்த ஆளுக்கு நல்ல செம்பு கிடைச்சுதா சார்?"

"அது தெரியாது. தெரியவும் வேண்டாம். கிடைச்சிருந்தா பலகையைத் தூக்கி எறிஞ்சிருப்பார். நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? தீர்ந்துபோன புகார் எந்த அருங்காட்சியகத்திலாவது இருக்கா? தீர்வுங்கறது ஒரு நாள் கூத்து அம்மா. புகார்தான் நிலைச்சு நிற்கும்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. நல்ல வாதங்களுக்கு அதுதான் அடையாளம் என்று நாகரிகம் நம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஆற்றங்கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து, ரொட்டி மாவு பிசைகிற மாதிரியே பிசைந்து தட்டிக் கொடுத்தார். அக்கா ஆணியால் புகாரை எழுதினாள். அடுப்பில் வைத்தாள். சற்று நேரத்தில் அடுப்புக்குள் பட்டாசு வெடித்த சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தால் பள்ளத்தின் ஆழம் ஒரு துண்டிலும் அகலம் இன்னொரு துண்டிலும் கிடந்தன.

"ஈரத்தோட வச்சிட்டே," என்றார் வீட்டுக்காரர். "புகாரும் மாவு மாதிரிதான் போல. ஆற விடணும்."

அடுத்த பலகையை நிழலில் நன்றாகக் காயவிட்டு வைத்தாள். ரொட்டிக்குப் போடுகிற விறகைப்போல மூன்று பங்கு விறகு தின்றது. அடுப்பின் உள்சுவர் செந்தூரம்போல் சிவந்தது. அந்தச் சூட்டில் ரொட்டியை வைத்தால் கரிதான் மிஞ்சும்; அடுப்பு ஆறுவதற்குள் பிசைந்த மாவு புளித்துப்போகும். ஆக, புகார் சுடுகிற நாளில் ரொட்டி இல்லை. போனால் போகிறது, ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

எழுத்தர் பலகையை வாங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்துத் தட்டினார். டிங் என்றது. அவர் முகம் மலர்ந்தது.

"இதுதாம்மா புகார். நேத்து ஒருத்தர் கொண்டுவந்தார், தட்டினா தொப்புன்னுது. அரைவேக்காட்டுப் புகாரையெல்லாம் நாங்க ஏத்துக்கறதில்லை."

"என்ன எழுதியிருக்குன்னு படிக்கலையே சார்?"

"படிக்கறது என் வேலை இல்லை. தட்டறதுதான்."

"எப்ப வந்து மூடுவாங்க?"

"ஏம்மா பறக்கறீங்க? உங்க புகார் நாலாயிரம் வருஷம் தாங்கும். அதுக்குள்ள யாராவது வராமலா போயிடுவாங்க?"

அக்கா திரும்பி வரும்போது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தையல்கடைக்காரர் கையில் பச்சைக் களிமண் பலகையோடு நின்றிருந்தார். அவர் கடையில் மின்சாரம் வந்த நேரத்தைவிடப் போன நேரம் அதிகம். புகார் எழுதிவிட்டார், சுடத்தான் வழியில்லை.

"அக்கா, உன் அடுப்புல ஒரு ஓரமா வச்சு எடுத்துக் குடேன். சும்மா வேண்டாம், கூலி தர்றேன்."

ஒரு ஓரம் இரண்டு ஓரமாயிற்று. பிறகு அடுப்பில் ஓரமே இல்லை. ஊரில் குறை இல்லாத வீடு உண்டா? ஆனால் பலகை சுடும் அடுப்பு உள்ள வீடு ஒன்றுதான் இருந்தது. தெருவிளக்கு எரியாதவர், தெருவிளக்கு அணையாதவர், எதிர்வீட்டுக்காரர்மேல் புகார் எழுதியவர், அதே எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் வந்தார்கள். ரொட்டிக்காகத் தாண்டத் தயங்கிய பள்ளத்தைப் புகாருக்காக மான்போல் தாண்டினார்கள். தாண்டத் தெரியாதவர்கள் உள்ளே விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து, உடையைப் பிழிந்து, பள்ளத்தைப் பற்றி ஒரு புதுப் பலகை எழுதி அதே கையோடு சுடக் கொடுத்தார்கள்.

இதை முதலில் கவனித்தவர் வீட்டுக்காரர்தான். "பள்ளத்துல விழுறவனும் நம்மகிட்டதான் வர்றான், விழாதவனும் நம்மகிட்டதான் வர்றான்," என்றார்.

"நாம என்ன தள்ளியா விடறோம்?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, பள்ளத்தின் குறுக்கே யாரோ போட்டிருந்த மரப்பலகை ஆடுகிறதே, ஒரு கல்லை முட்டுக் கொடுக்கலாமே என்று காலையில் நினைத்தது ஞாபகம் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஊரில் நாகரிகம் வேகமாகப் பரவியது. ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் புகார் எழுத்துப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். பிள்ளைகள் படிப்பில் பின்தங்கினாலும் புகாரில் பின்தங்கக் கூடாது என்று பெற்றோர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வசதியுள்ளவர்கள் அலுவலகத்துக்கு ஒரு பலகை, வரவேற்பறைச் சுவருக்கு ஒரு பலகை என்று இரட்டையாகச் சுட்டார்கள். விருந்துக்கு வந்தவர்கள் அதன்முன் நின்று, "எவ்வளவு அழகான சாக்கடை அடைப்பு" என்று வியந்தார்கள். குறையே இல்லாத பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நல்ல குழாய் ஒன்றை உடைத்துக்கொண்டாள். இளவட்டங்கள் சின்னப் புகார்களை நூலில் கோத்துக் கழுத்தில் அணிந்தார்கள். யார்மேல் புகார் என்று கேட்டால், பொதுவாக, என்றார்கள்.

பேக்கரிப் பெயர்ப்பலகையில் ரொட்டி என்ற சொல்லைப் புகை மறைத்தது. துடைக்க நேரமில்லை. ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, பிடிக்கலையா?"

"இது யார் சுட்ட ரொட்டி?"

"பக்கத்து ஊர்லேர்ந்து வருது. தையல்கடைக்காரர் வாங்கிட்டு வந்தார்."

"மட்டமா இருக்கு."

"தெரியுது. சாப்பிடுங்க."

"என் கைக்கு இப்பல்லாம் களிமண்தான் பழக்கமாச்சு. நேத்து உப்புப் போடப் பார்த்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. அவளும் அன்று காலை பலகைமேல் வெண்ணெய் தடவக் கையை நீட்டியிருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

இதற்கிடையில் நகராட்சி அலுவலகம் நிறைந்து வழிந்தது. அறைகளில் பலகை, மாடியில் பலகை, மாடிப்படியில் பலகை. பாரம் தாங்காமல் தரை இறங்கியது. தரை இறங்குகிறது என்று எழுத்தர் ஒரு புகார் கொடுத்தார். அதன் பாரத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. மேலிடத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். எந்த ஊரிலும் மக்கள் குறையை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை. நாகரிகத்துக்கு மாலை போட்டு, பதவி உயர்வு கொடுத்து, தலைமையகத்துக்கே அழைத்துக்கொண்டார்கள்.

அவர் இடத்துக்கு ஒரு புது அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். தோளில் ஒரு துணிப்பை. நல்லவர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது, ஆனால் சுடவில்லை. வந்த முதல் நாளே அவர் ஒரு காரியம் செய்தார். அதுவரை அந்த அலுவலகத்தில் யாரும் செய்யத் துணியாதது. ஒரு பலகையை எடுத்து, படித்தார்.

படித்தவர் இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். "எல்லாத்துலயும் ஒரே பள்ளமா இருக்கே," என்றார்.

"நிறைய பேர் விழுந்திருக்காங்க சார்," என்றார் எழுத்தர்.

"மூடலையா?"

எழுத்தர் அந்தச் சொல்லை முதல்முறை கேட்பவர்போல் பார்த்தார்.

சாயங்காலம் புது அதிகாரி பேக்கரிக்கு வந்தார். பள்ளத்தைத் தாண்டும்போது ஒரு கால் உள்ளே போய் வந்தது. ஈரக் காலோடு அக்காவைக் கும்பிட்டார்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. ரொம்பத் தாமதமாயிடுச்சு. பத்து நாள்ல ஆட்களைத் திரட்டிக்கிட்டு வர்றேன். குழாயையும் சரிபண்ணி, பள்ளத்தையும் மூடிடலாம். அப்புறம் ஊர்ல இருக்கற மத்த குறையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம். இனிமே பலகையெல்லாம் வேண்டாம். யாருக்கு என்ன குறைன்னாலும் வாயால வந்து சொன்னாப் போதும்."

"வாயாலயா?" என்றாள் அக்கா.

"ஆமா. சும்மா சொன்னாப் போதும்."

அவர் போன பிறகு அக்கா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அடுக்கடுக்காகப் பலகைகள் சிவந்துகொண்டிருந்தன. வெளியே திண்ணையில் காய்ந்தவை அதைவிட அதிகம்.

செய்தி ஊருக்குள் தீப்போல் பரவியது. சற்று நேரத்தில் கடை நிறைந்துவிட்டது. களிமண் வெட்டுகிறவர் வந்தார், ஓவிய வாத்தியார் வந்தார், பலகைகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்காரர் வந்தார். பலகை தட்டுவதற்கென்று சம்பளத்தோடு தனிப்படி வாங்கிவந்த எழுத்தரும் கரண்டியோடு வந்து ஓரமாக நின்றார்.

"குறையைத் தீர்க்கப் போறாராம்," என்றார் வண்டிக்காரர், யாரோ இறந்த செய்தி சொல்வதுபோல.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணுவிடாமயாம்."

"அப்ப என் வகுப்புப் பிள்ளைங்க கதி?" என்றார் வாத்தியார். "இப்பதான் சுழி போட ஆரம்பிச்சிருக்குங்க. பண்டைய நாகரிகத்தை இப்படி ஒரே நாள்ல மண்ணாக்கலாமா?"

"மண்ணாவே இருந்தா பரவாயில்லையே. மண்ணே வேண்டாங்கறாரே," என்றார் களிமண் வெட்டுகிறவர்.

வீட்டுக்காரர் மட்டும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தார். "ஏங்க, அந்த மனுஷன் பள்ளத்தை மூடறேன்னுதானே சொன்னார்? நாம கேட்டதும் அதுதானே?"

நடு வீட்டில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் அக்காமேல் வந்து நின்றது. அடுப்பு அவளுடையது.

அக்கா யோசித்தாள். பள்ளத்தை மூடினால் ரொட்டி வாங்க ஆள் வருவார்கள். வருவார்களா? பக்கத்து ஊர் ரொட்டி எல்லாருக்கும் பழகிவிட்டது. அடுப்பை ஆறவிட்டு, கரியைச் சுரண்டி, கைக்குப் பழைய பதத்தைத் திரும்பக் கற்றுக்கொடுத்து, மாவு வாங்கி, விற்குமோ விற்காதோ என்று காலையில் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். புகாருக்கு அந்தக் கவலை இல்லை. அது புளிக்காது, ஊசாது, தீராது.

"என்னங்க," என்றாள். "நல்ல களிமண்ணா ஒரு கட்டி எடுங்க."

அவர் அசையவில்லை. களிமண் வெட்டுகிறவர்தான் எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் ஆணியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். 'மேற்படி அதிகாரி, பொதுமக்களின் புகார்களைத் தீர்த்துவைப்பதன் மூலம், பொதுமக்கள் காலங்காலமாக அனுபவித்துவரும் புகார் கூறும் உரிமையைப் பறிக்க முயல்கிறார் என்பதை மிகுந்த மன வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள். ஈர மண்ணில் கட்டைவிரல்கள் அழகாகப் பதிந்தன.

அக்கா அந்தப் பலகையை அவசரப்படாமல் காயவிட்டாள். அடுப்பின் நடுவில், சூடு சமமாகப் பரவும் இடத்தில் வைத்தாள். ரொட்டி சுட்ட காலத்தில்கூட அவள் இவ்வளவு கவனமாக எதையும் சுட்டதில்லை. எழுத்தர் கரண்டியால் தட்டியபோது அது டிங் என்று மட்டும் சொல்லவில்லை. கோயில் மணிபோல் நீண்ட நேரம் அதிர்ந்தது. "என் சேவையில இப்படி ஒரு புகார் கேட்டதில்லை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டிக்காரர் அதைத் தலைமையகத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே அதை வாங்கியவர் நாகரிகம். படிக்கவில்லை, தட்டிப் பார்த்தார். யார்மேல் என்று மட்டும் வண்டிக்காரரிடம் கேட்டு, உடனே மாற்றல் உத்தரவு போட்டார். அந்த ஊர்ப் புகார்களில் நடவடிக்கை எடுக்கப்பட்ட முதல் புகார் அதுதான். பழைய நாகரிகங்களின் முறை இன்றும் பலன் தருகிறது என்பதற்குச் சான்றாக அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

புது அதிகாரிக்குப் பெட்டி கட்ட அதிக நேரம் ஆகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளத்தை ஜாக்கிரதையாகத் தாண்டிக் கடைக்குள் வந்தார். தன்மேல் புகார் சுட்டது எந்த அடுப்பு என்று அவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை.

"தூரப் பயணம்மா. வழியில சாப்பிட ஒரு ரொட்டி குடுங்களேன்."

"ரொட்டி இல்லைங்க."

அவர் அடுப்பைப் பார்த்தார். புகையேறிய பெயர்ப்பலகையைப் பார்த்தார். "இது ரொட்டிக் கடைதானே?"

"ஆமாங்க. நல்லா நடந்த கடைதான்," என்றாள் அக்கா, முந்தானையால் கையைத் துடைத்தபடி. "வாசல்ல பள்ளம் வந்ததுலேர்ந்து வியாபாரம் நின்னுபோச்சு. புகார் குடுத்திருக்கேன்."